ரப்பர் சூட் போட்ட ஆக்‌ஷன் ஃபிகர்கள்: வெடிப்பு, பிசுபிசுப்பு, உதிர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரப்பர் சூட் போட்ட 1/6 அளவு ஃபிகர், அதாவது ஏறக்குறைய 12 அங்குல உயரமுள்ள, கை கால் மடங்கும் பொம்மை வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். சூட் வெடித்துவிட்டது, கையில் ஒட்டுகிறது, உதிர்கிறது, என்ன செய்யலாம்? என் அலமாரியிலும் இந்த மூன்றும் நடந்திருக்கின்றன. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சூட் எதனால் ஆனது என்று தெரியும்வரை அதன்மேல் எதையும் தடவாதீர்கள். ஒரு சூட்டைக் காப்பாற்றும் அதே எண்ணெய் இன்னொரு சூட்டை நாசமாக்கிவிடும்.

பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. அப்படியும் சூட் எப்படிக் கெட்டது?

ரப்பர் தேய்ந்து கெடுவதைவிடக் காற்றுபட்டுக் கெடுவதுதான் அதிகம். ஆக்சிஜன், ஈரம், வெப்பம் மூன்றும் மூடிய பெட்டிக்குள்ளும் போய்ச் சேரும். அச்சிலிருந்து எடுத்த அன்றைக்கே சூட்டுக்கு வயது ஏற ஆரம்பித்துவிடுகிறது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே அது கிடங்கில் இரண்டு கோடையைப் பார்த்திருக்கலாம்.

பெட்டியாலும் கெடுதல் உண்டு. ஃபிகரைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தட்டு சூட்டை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். கட்டிவைத்த கம்பி இடுப்பிலும் கணுக்காலிலும் பள்ளம் போடும். வந்ததும் ஒருமுறை திறந்து கம்பிகளை அவிழ்த்துவிட்டு, கை கால்களைத் தளர்வாக நீட்டிவிட்டு மூடுங்கள். பெட்டியின் மதிப்புக்காக அப்படியே வைத்திருப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே சூட் வெடித்துக் கிடக்கும் பெட்டிக்கு என்ன மதிப்பு?

'ரப்பர் சூட்' என்று போட்டிருக்கிறார்கள். அது எந்த ரப்பர்?

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகச் சாகும்.

முதலாவது லேடெக்ஸ். மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர். மெல்லியதாக இழுபடும், உடம்போடு ஒட்டி நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆயுள்தான் குறைவு. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஓசோன் வாயுவும் ஆக்சிஜனும் தேடித் தேடி வெட்டும்.

இரண்டாவது சிலிக்கோன். இதன் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. ஓசோனும் வெளிச்சமும் இதை எளிதில் அசைப்பதில்லை. பலவீனம் வேறிடத்தில்: ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், கிழிசல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது மென்மையான பிவிசி, பேச்சு வழக்கில் வினைல். பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். அதை வளைய வைப்பது உள்ளே கலந்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் இல்லை, சும்மா ஊறித்தான் இருக்கிறது. அதனால் மெல்ல மெல்ல வெளியே வரும்.

நான்காவது டிபிஇ அல்லது டிபிஆர் என்று எழுதியிருக்கும் வகை. சூடாக்கினால் உருகும் ரப்பர். இதிலும் மென்மைக்காக மினரல் ஆயில் கலந்திருப்பார்கள்.

ஐந்தாவது பியூ லெதர். துணியின்மேல் பாலியூரித்தேன் பூச்சு. ரப்பர் போலப் பளபளக்கும், ஆனால் அடியில் துணிதான். சூட்டைவிடக் கேப் (முதுகில் தொங்கும் போர்வை), பெல்ட், பூட்ஸ் ஆகியவற்றில் இதை அதிகம் பார்க்கலாம்.

இவை போதாதென்று, தசை முறுக்கைக் காட்ட சூட்டுக்கு அடியில் பாலியூரித்தேன் ஃபோம் வைத்திருப்பார்கள். வெளிச் சூட் நன்றாக இருக்கும்போதே உள்ளே அது பொடியாகிவிடும். தோளை அழுத்தினால் மணல் மூட்டையை அழுத்துவதுபோல் இருந்தால், பொடியானது ஃபோம்தான்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கழுத்து, மணிக்கட்டு ஓரங்களை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் துணி நெய்தது போலத் தெரிந்தால் அது பூச்சு வகை. துணியே இல்லாமல் ஒரே பொருளாக இருந்தால் மற்ற நான்கில் ஒன்று. லேடெக்ஸுக்குப் பலூனில் வரும் வாசனை இருக்கும். பிவிசிக்குப் புதுக் குளியலறைத் திரையின் வாசனை. சிலிக்கோனுக்கு வாசனையே இருக்காது, ஆனால் தூசியை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

தானாக உதிர்ந்த துணுக்கு ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, துணுக்கைப் போட்டு, விரலால் அமிழ்த்திக் காற்றுக் குமிழி போனதும் விடுங்கள். லேடெக்ஸும் டிபிஇயும் தண்ணீரைவிட லேசானவை, மேலே வரும். பிவிசியும் சிலிக்கோனும் மூழ்கும். நிறமியும் நிரப்புப் பொருளும் அதிகமாகக் கலந்திருந்தால் லேடெக்ஸ்கூட மூழ்கலாம் என்பதால் வாசனை, தொடு உணர்வு, தண்ணீர் மூன்றையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். இந்தச் சோதனைக்காகச் சூட்டிலிருந்து வெட்டி எடுக்க வேண்டாம். நெருப்பில் காட்டிப் பார்க்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். பிவிசி எரிந்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு, அதைச் செய்யாதீர்கள்.

முழங்காலின் பின்பக்கமும் அக்குளும் மட்டும் ஏன் வெடிக்கின்றன?

என்னிடம் இருந்த ஒரு கறுப்புச் சூட் ஃபிகரை மூன்று வருடம் குந்திய நிலையில் வைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு கம்பீரம். தூசி தட்ட எடுத்தபோது முழங்கால் மேல்பக்கத்தில் முடி அளவுக் கோடுகள் தெரிந்தன, எல்லாம் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக. காலை நீட்டியதும் கோடுகள் மறைந்தன. அப்பாடா என்று மறுபடி மடக்கினேன். நடுக் கோடு வாயைத் திறந்தது. உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் மூட்டு தெரிந்தது. அந்தச் சத்தமில்லாத கிழிசலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அது ஓசோன் வெடிப்பு. தளர்வாக இருக்கும் லேடெக்ஸில் ஓசோன் பட்டால் மேற்பரப்பு மங்கும், அவ்வளவுதான். ஆனால் சில சதவீதம் இழுபட்டு நின்றாலே போதும், வெட்டுப்பட்ட இடம் திறந்துகொள்ளும். உடனே உள்ளே புது ரப்பர் வெளிப்படும், அதையும் ஓசோன் வெட்டும். இழுவிசை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குச் செங்குத்தாகத்தான் வெடிப்பு விழும். குறுக்குக் கோடுகள் வரிசையாக இருந்தால் ஓசோன் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மடிப்பின் உள்பக்கம், அதாவது முழங்காலின் பின்புறமும் அக்குளும், வேறு காரணத்தால் போகின்றன. அங்கே ரப்பர் சுருண்டு கசங்கி, அதன்மேலேயே அழுந்திக் கிடக்கிறது. லேடெக்ஸானால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தோல் உரியும். பிவிசியானால் அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடும்.

அப்படியானால் எந்தப் போஸில்தான் நிறுத்துவது?

கைகள் உடம்பிலிருந்து சற்றே விலகி, முழங்கை லேசாக மடங்கி, கால்கள் தோள் அகலத்தில். போர் அடிக்கும் போஸ்தான், ஆனால் சூட் எங்கும் இழுபடாது, எங்கும் கசங்காது. வீரமான போஸெல்லாம் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். எடுத்து முடித்ததும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். மாதம் ஒருமுறையாவது மூட்டுகளை லேசாக அசைத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் தெரிந்துவிடும். அறை குளிர்ந்திருக்கும்போது அசைக்காதீர்கள். குளிரில் பெரும்பாலான ரப்பர் விறைக்கும்.

சூட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கழுவினால் சரியாகுமா?

பிவிசியில் வெளியே வந்திருப்பது பிளாஸ்டிசைசர். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாக உலர விடுங்கள். போய்விடும், சில மாதங்களில் திரும்பவும் வரும். அதற்காக ஆல்கஹால் போட்டுத் துடைக்க வேண்டாம். அது மேலே இருப்பதை மட்டுமல்லாமல் உள்ளே ஊறியிருப்பதையும் இழுத்து எடுத்துவிடும், பெயின்டையும் கூடவே கொண்டுபோகும். அப்புறம் ஒட்டாது, ஆனால் உடையும்.

டிபிஇ ஒட்டினால் அது எண்ணெய்க் கசிவு. சோப்புத் தண்ணீர், நன்றாக உலர்த்தல், பிறகு மெல்லியதாகப் பவுடர்.

லேடெக்ஸ் ஒட்ட ஆரம்பித்தால் எனக்கு வயிறு கலங்கும். அது கசிவு அல்ல, ரப்பரே கூழாகிறது. சங்கிலிகள் அறுபட்டு மென்மையாவது முதல் கட்டம், பிறகு இறுகி அப்பளம்போல் நொறுங்குவது இரண்டாம் கட்டம். கழுவினாலும் திரும்பாது. விரல் ரேகை பதிந்தால் அந்த ரேகை அங்கேயே தங்கிவிடும். தொடாமல், பவுடர் தூவி, வெளிச்சமில்லாத குளிர்ச்சியான இடத்தில் வைத்து நாளை நீட்டிக்கத்தான் முடியும்.

பேபி ஆயிலோ வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவினால் ரப்பர் மென்மையாகும் என்கிறார்களே?

லேடெக்ஸில் தடவவே கூடாது. மினரல் ஆயிலும் பெட்ரோலியம் ஜெல்லியும் இயற்கை ரப்பருக்குள் புகுந்து அதை ஊத வைக்கும். முதல் நாள் மென்மையாகத் தெரிவதற்குக் காரணமே அந்த ஊதல்தான், பிறகு பிடித்த இடத்தில் கிழியும். லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய் சேர்க்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். சமையல் எண்ணெய்கள் கூடுதலாகச் சிக்குப் பிடித்து நாறும்.

லேடெக்ஸுக்கு ஒத்துப்போவது சிலிக்கோன் ஆயில். மிக மெல்லியதாக, துணியில் தொட்டு. அதே சிலிக்கோன் ஆயிலைச் சிலிக்கோன் சூட்டில் தடவினால் சூட் அதைக் குடித்து ஊதிவிடும். ஒரே புட்டி, இரண்டு சூட், இரண்டு முடிவு. எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தப் பவுடர்?

வாசனையில்லாத டால்க். மரவள்ளி, சோள மாவு போன்ற ஸ்டார்ச்சைப் போட்டால் ஈரமான இடத்தில் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகிவிடும். தூவும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பியூ கேப் செதில் செதிலாக உரிகிறது. ஒட்ட முடியாதா?

முடியாது. காற்றின் ஈரம் பாலியூரித்தேனின் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீரால் அறுக்கிறது. பூச்சு துணியைவிட்டு விலகுவதல்ல சிக்கல், பூச்சே வலுவிழந்துவிட்டது. பசை போட்டு ஒரு செதிலை ஒட்டினால் பக்கத்துச் செதில் எழும்பும். என் ஃபிகர் ஒன்றின் காலடியில் ஒருநாள் காலையில் கறுப்பு மிளகுத்தூள் கொட்டியதுபோல் கிடந்தது, மேலே கேப்பில் சாம்பல் நிறத் துணி தெரிந்தது. தொட்டதும் விரல் முழுவதும் கறுப்பு.

செய்யக்கூடியது ஒன்றுண்டு. உரிந்ததை மென்மையான பிரஷ்ஷால் முழுதாக எடுத்துவிட்டு, அடித்துணியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அல்லது அதை அளவாக வைத்துப் புதுக் கேப் தைக்கலாம். உரியாத பியூ உங்களிடம் இருந்தால் ஈரத்தைக் குறையுங்கள். இந்தப் பொருளுக்கு மட்டும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உண்மையிலேயே நேரடியாக உதவுகிறது. பொட்டலத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும்.

தையலே இல்லாத சிலிக்கோன் உடம்பு வைத்த ஃபிகர் நீண்ட நாள் தாங்குமா?

பொருள் தாங்கும், வடிவமைப்புதான் சோதிக்கும். உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே சிலிக்கோன் தோல். முழங்கையை முழுவதும் மடக்கி விட்டுவிட்டால் எலும்பின் முனை உள்ளிருந்து ஒரே புள்ளியில் குத்தும், அங்கேதான் கிழிசல் பிறக்கும். நகம், மோதிரம், கூரான ஆயுதத் துணைப்பொருள் எல்லாமே ஆபத்து. மாட்டுவதற்கு முன் உடைகளைப் பற்றியும் யோசியுங்கள். கறுப்பு, சிவப்புத் துணிகளின் சாயம் சிலிக்கோனுக்குள் இறங்கிவிடும், வெளியே வராது. துணிக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் படலம் வைத்தால் தப்பிக்கலாம்.

ஜிப் இருந்த இடத்தில் பழுப்புக் கறை. அழுக்கா?

பித்தளை ஜிப்பும் லேடெக்ஸும் பக்கத்தில் இருந்தால் அது செம்பின் வேலை. செம்பு அயனிகள் இயற்கை ரப்பரைக் கறுக்கச் செய்வதோடு அதன் சிதைவையும் வேகப்படுத்தும். கறையைத் தேய்க்காதீர்கள், போகாது. ஜிப்பின் உட்பக்கம் ஒரு பாலியெஸ்டர் பட்டையைச் செருகிப் பிரித்துவையுங்கள். பித்தளை நாணயம், சாவி எதையும் லேடெக்ஸ் சூட் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அலமாரியில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

வெப்பம்தான் பெரிய எதிரி. 10 டிகிரி கூடினால் வேதிச் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அருங்காட்சியகங்கள் போல 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் வைக்க எல்லாராலும் முடியாது. ஆனால் வெயில் படும் சுவர், மொட்டைமாடிக்குக் கீழான பரண், உள்ளே சூடாகும் விளக்குப் பெட்டி ஆகியவற்றைத் தவிர்க்க யாராலும் முடியும். விளக்கு எல்இடியாக இருக்கட்டும், அதன் மின்மாற்றி அலமாரிக்கு வெளியே இருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று, காற்றைச் சுத்தம் செய்ய ஓசோன் வெளியிடும் கருவிகள். அயனியாக்கி வகைகளிலும் ஓசோன் கொஞ்சம் வரும். லேடெக்ஸ் சூட் இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். லேசர் பிரின்டரையும் தள்ளி வையுங்கள்.

காற்றுப் புகாமல் மூடி வைப்பதா, காற்றோட்டமாக வைப்பதா?

இதற்கு ஒரே பதில் இல்லை. லேடெக்ஸுக்கு ஆக்சிஜனே விரோதி என்பதால், காற்றை ஊடுருவ விடாத பையில் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடும் முறையை அருங்காட்சியகங்கள் கையாண்டிருக்கின்றன. காட்சிக்கு வைக்காமல் பத்திரப்படுத்துபவர்களுக்கு அது பொருத்தம். பிவிசியை மூடி வைத்தால் பிளாஸ்டிசைசர் வெளியேறுவது மெதுவாகும், அதுவும் நல்லதுதான். ஆனால் சாதாரணப் பாலித்தீன் பை அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியோ பாலியெஸ்டரோ மேல். பிவிசி சூட் தெர்மாகோலையோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையோ தொட்டுக்கொண்டிருந்தால் அவை இளகிச் சூட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதையும் பிரித்துவையுங்கள். ஒட்டும் சூட்டைச் செய்தித்தாளில் சுற்றினால் எழுத்தெல்லாம் சூட்டில் வந்துவிடும். சிலிக்கோன் பூசிய காகிதம் ஒட்டாது.

கிழிந்துவிட்டது. எந்தப் பசை?

லேடெக்ஸுக்கு ரப்பர் பசை. இன்னொரு மெல்லிய லேடெக்ஸ் துண்டை உட்பக்கமாக வைத்து, இரண்டு பக்கமும் பூசி, காய்ந்ததும் சேர்த்து அழுத்துங்கள். வெளிப்பக்கம் தெரியாது, இழுவையும் பரவிவிடும். சிலிக்கோனில் சிலிக்கோன் பசை மட்டும்தான் பிடிக்கும். அதில் புளிச்ச வினிகர் வாசனை வரும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், உள்ளே இருக்கும் உலோக மூட்டு துருப்பிடிக்கலாம். வாசனையற்ற வகையாகப் பாருங்கள். பிவிசிக்கு வினைல் பசை, ஊசி முனையளவு மட்டும், அதிகமானால் அந்த இடமே உருகிவிடும்.

இன்ஸ்டன்ட் பசை லேடெக்ஸைப் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணாடிபோல் கெட்டியாகி, அதன் ஓரத்திலேயே அடுத்த கிழிசலை உண்டாக்கும்.

பழைய ஃபிகர்களிலும் இந்தச் சிக்கல் இருந்ததா?

தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஆக்‌ஷன் ஃபிகர் என்ற பெயரையே பரப்பிய ஹாஸ்பிரோவின் ஜி.ஐ. ஜோ 1964இல் வந்தது. அதற்கான ஆரஞ்சு நிற முக்குளிப்பவர் ரப்பர் சூட் இப்போது கிடைத்தால் பெரும்பாலும் விறைத்தோ கிழிந்தோதான் இருக்கும். 1974இல் வந்த 'குங்ஃபூ கிரிப்' கைகளின் மென்மையான விரல்கள் உடைந்து போவது பழைய சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1976இல் கென்னர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங் லேடெக்ஸ் தோலுக்குள் சோளச் சர்க்கரைப் பாகை நிரப்பியது. தோல் வெடித்தால் பாகு ஒழுகும், வெடிக்காவிட்டால் உள்ளே இறுகும். 1982 முதல் வந்த சின்ன ஜி.ஐ. ஜோக்களின் இடுப்பைச் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு ரப்பர் வளையம். அது காய்ந்து அறுந்தால் ஆள் இரண்டாகிவிடுவார். நல்லவேளை, அந்த வளையத்துக்கு மாற்று எளிதாகக் கிடைக்கிறது, ஒரு திருப்புளி போதும்.

பழையதை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

முன்பக்கப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அக்குள், கவட்டை, முழங்கால் பின்புறம், கழுத்து ஓரம் ஆகிய நான்கின் கிட்டப் படம் கேளுங்கள், முழங்கை மடங்கிய நிலையில் ஒன்றும். எத்தனை வருடம் எந்தப் போஸில் நின்றது, ஏதாவது தடவியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அளவுக்கு மீறிப் பளபளக்கும் பழைய லேடெக்ஸ் சூட் என்றால் எண்ணெய் பூசியிருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

சூட் முழுதாகப் போய்விட்டது. ஃபிகரையும் கழித்துவிடலாமா?

வேண்டாம். தலைச் சிற்பம், கைகள், ஆயுதங்கள், உள் உடம்பு எல்லாம் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக், நன்றாகவே இருக்கும். சூட்டை இழுத்துக் கழற்றாமல், பின்பக்கத் தையலோரமாகச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். உடம்பில் ஒட்டிய கூழைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, மூட்டுகளைச் சரிபார்த்து, 1/6 அளவில் கிடைக்கும் மாற்றுச் சூட்டைப் போடலாம். இழுபடும் துணியில் தைத்த சூட் ரப்பர் போல மின்னாது, ஆனால் மடக்கிய முழங்கால் வெடிக்காது. என் குந்திய வீரனுக்கு இப்போது அப்படி ஒன்றுதான் போட்டிருக்கிறேன். பழைய சூட்டின் மார்புத் துண்டு மட்டும் முழுதாக இருந்தது, அதைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு அவன் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.